கடலடிப் படிவும் கைக்கு வரும் மாதிரியும்: வங்கக் கடல் ஆழ்துளை ஆய்வுகள் உணர்த்தும் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஆழ்கடலின் தரைக்குக் கீழே உள்ள படிவுகளைத் துளையிட்டு மேலே கொண்டுவரும் ஆய்வுமுறை, புவியியல், காலநிலையியல், எரிபொருள் வளம் ஆகிய துறைகளுக்கு அடிப்படைச் சான்றுகளை வழங்குகிறது. ஆழத்தை எட்டுவது இம்முறையின் ஒரு பாதியே. எட்டிய இடத்திலுள்ள பொருளை அதன் இயல்பு கெடாமல் மேலே கொண்டுவருவது மறுபாதி. 2006ஆம் ஆண்டு கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் இந்தியத் தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டம் துளையிட்ட 10ஆம் இடத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, ஒரே படிவினுள் உள்ள ஹைட்ரேட்டின் அளவு பற்றி இரு முறைகள் தந்த இரு வேறு விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது. கடலடி மாதிரியின் தகுதியை, அதனிடம் எழுப்பப்படும் வினாவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஆழ்கடல் துளையிடல், உருளை மாதிரி, மீத்தேன் ஹைட்ரேட், கிருஷ்ணா–கோதாவரிப் படுகை, அழுத்தக் காப்பு மாதிரி, மின்தடை எண், கோவளம்.

1. முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளத்தில் நின்று கிழக்கே நோக்கினால், கண்ணுக்கெட்டும் கடல் முழுவதும் ஆழம் குறைந்த கண்டத்திட்டின்மேல் நிற்கும் நீரே ஆகும். இக்கரையின் மீனவர்கள் கடலடித் தரையைச் சேறு, மணல், பார் எனப் பகுத்து அறிந்திருக்கின்றனர். ஆழத்தைப் பாகக் கணக்கில் அளக்கின்றனர். வலையிலும் கயிற்றிலும் ஒட்டிவரும் சேற்றின் நிறமும் குழைவும் அவர்களுக்குத் தரையின் தன்மையைத் தெரிவிக்கின்றன. தொடாத தரையை, அதிலிருந்து மேலே வந்த சிறிதளவு பொருளைக் கொண்டு அறியும் முறை இது. ஆழ்கடல் துளையிடலும் அடிப்படையில் இம்முறையையே பின்பற்றுகிறது. ஆயினும் கண்டத்திட்டின் விளிம்பைக் கடந்தபின் ஆழம் விரைந்து பெருகி ஆயிரக்கணக்கான மீட்டரை எட்டுவதாலும், அறிய வேண்டியது தரையின் மேற்பரப்பை அன்றி அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டரில் உள்ள அடுக்குகளை என்பதாலும், இங்கு எழும் சிக்கல்கள் முற்றிலும் வேறு தன்மையன.

கோவளத்திற்கும் சென்னை நகருக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், வேளச்சேரி–தாம்பரம் சாலையில் உள்ள பள்ளிக்கரணையில், 1993இல் நிறுவப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. ஆழ்கடலில் இறக்கித் துளையிடும் கருவி ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்ட இந்திய நிறுவனம் இது. எனவே தென்சென்னைப் புறநகர்ப் பகுதியில் பணியாற்றும் ஆய்வாளர்க்கும் பேராசிரியர்க்கும் இப்பொருள் அண்டையில் நிகழும் ஓர் ஆய்வுத்துறையும் ஆகும். அத்துறையின் மையச் சிக்கலை, வங்கக் கடலில் நிகழ்ந்த ஆய்வுகளின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கடலடித் துளையிடலின் வளர்ச்சி

ஆழ்கடல் தரையை அறிவியல் நோக்கில் துளையிடும் முயற்சி 1961இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவுக்கருகே தொடங்கியது. மோகோல் திட்டம் எனப்பட்ட அம்முயற்சியில், ஏறத்தாழ 3560 மீட்டர் ஆழமான நீரின் அடியில் 183 மீட்டர் வரை துளையிடப்பட்டது. புவியின் மேலோட்டைக் கடந்து கவசத்தை எட்டுவதே அத்திட்டத்தின் குறிக்கோள். செலவு பெருகியதால் 1966இல் திட்டம் கைவிடப்பட்டது. எனினும், நங்கூரமிட இயலாத ஆழத்தில் பக்கவாட்டு உந்திகளைக் கொண்டு கப்பலை ஓரிடத்தில் நிறுத்த முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

1968இல் குளோமர் சேலஞ்சர் கப்பலுடன் ஆழ்கடல் துளையிடல் திட்டம் தொடங்கியது. துளைமுனை தேய்ந்ததும் அதனை மேலே எடுத்து மாற்றி, கடலடியில் உள்ள அதே துளைக்குள் மீண்டும் செலுத்தும் முறை 1970இல் கைகூடியது. 1972இல் அக்கப்பல் இந்தியப் பெருங்கடலிலும் வங்காள வண்டல் விசிறியிலும் துளையிட்டது. 1985 முதல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்னும் கப்பல் இப்பணியை மேற்கொண்டது. 2009இல் இந்தியா, கோவாவில் உள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் வாயிலாக, பன்னாட்டுத் துளையிடல் திட்டத்தில் இணைந்தது.

2014 நவம்பர் முதல் 2015 மே வரையிலான காலம் இந்தியக் கடல்களுக்குச் சிறப்பானது. 353ஆம் பயணம் பருவமழையின் வரலாற்றை அறிய வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் துளையிட்டது. 354ஆம் பயணம் வடக்கு 8 பாகை அகலாங்கில், 320 கிலோமீட்டர் நீளத்தில் ஏழு இடங்களைத் துளையிட்டு, இமயமலையிலிருந்து அரித்துவரப்பட்ட வண்டலை ஆராய்ந்தது. 355ஆம் பயணம் அரபிக்கடலின் இலட்சுமிப் படுகையில் தரைக்குக் கீழே 1100 மீட்டருக்கும் மேலாகச் சென்றது. ஏறத்தாழ 1.08 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் மேற்குக் கண்ட விளிம்பிலிருந்து பெருமளவில் சரிந்த படிவு அங்கு ஓரிடத்தில் 300 மீட்டருக்கும் மிகுந்த தடிமனில் கண்டறியப்பட்டது. அதற்கு நடராஜா சரிவு எனப் பெயரிடப்பட்டுள்ளது.

3. உருளை மாதிரி எடுக்கும் முறை

துளையிடு கப்பலின் நடுவே உயர்ந்த கோபுரமும் அதன் நேர்கீழே கப்பலின் அடிவரை செல்லும் திறப்பும் உள்ளன. ஏறத்தாழ 9.5 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இணைத்து, அத்திறப்பின் வழியே கடலுக்குள் இறக்குவர். ஆயிரக்கணக்கான மீட்டர் நீளமான அக்குழாய்த் தொடர், கப்பலின் உயரத்தோடும் அகலத்தோடும் ஒப்பிட ஒரு நூலிழை போன்றது. அதன் கீழ்நுனியில் நடுவே துளையுடைய துளைமுனை பொருத்தப்பட்டிருக்கும். துளைமுனை படிவை வெட்டிச் செல்ல, வெட்டப்படாத நடுப்பகுதி உருளை வடிவில் உட்குழாய்க்குள் நுழையும். அவ்வுட்குழாயை மட்டும் கம்பிவடம் கொண்டு மேலே இழுத்து, வேறோர் உட்குழாயை உள்ளே இறக்குவர். முழுக் குழாய்த் தொடரையும் ஒவ்வொரு முறையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை என்பது இம்முறையின் சிறப்பு.

படிவின் உறுதிக்கேற்பக் கருவி மாறும். மேற்பகுதியிலுள்ள மென்சேற்றைச் சுழன்று வெட்டினால் அது குழம்பிவிடும். ஆகையால், நீரழுத்தத்தால் உட்குழாயை ஒரே வீச்சில் சேற்றினுள் செலுத்தும் நீரியல் உந்துகருவி 1979இல் பயன்பாட்டுக்கு வந்தது. பருவமழை வரலாற்றைச் சில நூறு ஆண்டு இடைவெளியில் பகுத்துப் படிக்க முடிவதற்கு இக்கருவியே காரணம். அதற்குக் கீழே படிவு இறுகியதும் சுழன்று வெட்டும் கருவிகளையும், பாறையில் உருள்பல் துளைமுனைகளையும் பயன்படுத்துவர்.

மேலே வந்த மாதிரி 1.5 மீட்டர் துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டும் நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி சேமக்காப்புக்கும் மறுபாதி ஆய்வுக்கும் ஒதுக்கப்படும். பன்னாட்டுத் திட்டத்தின் கீழ் இந்தியப் பெருங்கடலில் எடுக்கப்பட்ட மாதிரிகள் கோச்சியில் காக்கப்படுகின்றன. கேரளத்துக் கொச்சி அன்று. ஜப்பானின் கோச்சி நகரம். தகுந்த ஆய்வு முன்மொழிவைச் சமர்ப்பிக்கும் ஆய்வாளர் அங்கிருந்து மாதிரி பெற இயலும்.

4. மாதிரி மாறும் வழிகள்

கடலடியில் உள்ள படிவும் கப்பல் தளத்துக்கு வந்த உருளையும் ஒன்றல்ல. இடையில் நிகழும் மாற்றங்களை நான்காகப் பகுக்கலாம்.

4.1 இழப்பு. மணல் பிணைப்பற்றது, குழாய் மேலேறும்போது வழிந்துவிடும். கெட்டியான அடுக்கும் மென்மையான அடுக்கும் மாறிமாறி வரும் இடங்களில் மென்மையான பகுதி துளையிடும் நீரோடு அடித்துச் செல்லப்படும். 354ஆம் பயணத்தில் வண்டல் விசிறியின் மணலடுக்குகளைப் பிடிக்க, வழக்கமான நீளத்தில் ஏறத்தாழ பாதியே உள்ள உந்துகருவி பெரிதும் உதவியது. ஒன்பது மீட்டர் உட்குழாயில் ஆறு மீட்டர் படிவே கிடைத்தால், இழந்த மூன்று மீட்டர் எங்கு இருந்தது என்பது உருளையைக் கண்டு சொல்ல இயலாதது. கிடைத்ததை வெட்டிய பகுதியின் உச்சியில் தொடங்குவதாகவும் இடைவெளி அடியில் உள்ளதாகவும் கொள்வது துறை வழக்கு. அது ஓர் உடன்பாடே, கண்டறிந்த உண்மையன்று. இக்குறையை ஈடுசெய்ய, ஒரே இடத்தில் சில மீட்டர் தள்ளி இரண்டாம், மூன்றாம் துளைகளை இட்டு, ஒன்றின் இடைவெளியை மற்றொன்றின் உருளையால் நிரப்பித் தொடர் வரிசை அமைப்பர்.

4.2 உருக்குலைவு. அலைகளால் கப்பல் ஏறி இறங்கும்போது, அதனோடு இணைந்த துளைமுனையும் ஏறி இறங்க முயலும். ஈடுசெய் கருவிகள் இவ்வசைவின் பெரும்பகுதியை உள்வாங்கினாலும் முழுதும் நீக்குவதில்லை. சுழன்று வெட்டும் கருவி இறுகிய களிமண்ணைப் பிஸ்கட்டுகளை அடுக்கியது போன்ற வட்டுகளாகத் துண்டாக்கி, இடையிடையே அரைத்த சேற்றைத் திணித்துவிடும். இச்சேற்று அடுக்கைத் தொல்கடலின் படிவு எனக் கொள்ளும் பிழை, பயிற்சியற்ற கண்ணுக்கு எளிதில் நேரும்.

4.3 கலப்பு. துளைமுனையைக் குளிர்விக்கவும் வெட்டிய துகள்களை வெளியேற்றவும் கடல்நீர் உள்ளே செலுத்தப்படுகிறது. கடலடிப் படிவில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வோர்க்கு இது பெரும் இடர். மேற்கடலின் ஒரு துளி நீரில் உள்ள உயிர்கள், ஆழ்படிவின் அருகிய உயிர்களை எண்ணிக்கையில் விஞ்சிவிடும். இதனால் துளைநீரில் அடையாள வேதிப்பொருளையோ ஒளிரும் நுண்மணிகளையோ கலந்து, அவை உருளையின் உட்பகுதிவரை ஊடுருவினவா எனச் சோதித்த பின்னரே உட்பகுதியை ஆய்வுக்குக் கொள்வர்.

4.4 அழுத்த இறக்கம். நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடும். 1000 மீட்டர் ஆழத்தில் அது 100 வளிமண்டலத்தைத் தாண்டும். உருளை மேலேறும்போது அழுத்தம் குறைய, நுண்துளை நீரில் கரைந்திருந்த வாயு பிரிந்து விரிகிறது. ஒன்பது மீட்டர் வெட்டிய இடத்தில் உருளை அதனினும் நீண்டு, மீட்பு விழுக்காடு நூற்றைத் தாண்டுவதும் உண்டு. இழப்பைப் போலவே இம்மிகையும் பிழையே. நான்கு மாற்றங்களுள் இதுவே வங்கக் கடல் ஆய்வுகளில் பெரும் விளைவை ஏற்படுத்தியது. அதனை அறிய மீத்தேன் ஹைட்ரேட்டின் தன்மையை அறிதல் வேண்டும்.

5. மீத்தேன் ஹைட்ரேட்டும் 2006ஆம் ஆண்டுப் பயணமும்

நீர் மூலக்கூறுகள் கூண்டுபோல் அமைந்து மீத்தேன் மூலக்கூறுகளை உள்ளடக்கிய, பனிக்கட்டியை ஒத்த திண்மம் மீத்தேன் ஹைட்ரேட் எனப்படும். குளிரும் உயரழுத்தமும் சேர்ந்த இடத்திலேயே அது நிலைக்கும். ஒரு கனமீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் இயல்பான வெப்ப அழுத்த நிலையில் ஏறத்தாழ 164 கனமீட்டர் மீத்தேனும் 0.8 கனமீட்டர் நீரும் வெளிப்படும். இந்தியக் கடற்பகுதியில் ஹைட்ரேட்டாக உறைந்துள்ள வாயு 1894 டிரில்லியன் கனமீட்டர் இருக்கலாம் என்னும் மதிப்பீடு பல்லாண்டுகளாக எடுத்தாளப்பட்டு வருகிறது. எரிவாயுத் தேவையில் பெரும்பங்கை இறக்குமதி செய்யும் நாட்டில் இத்தகைய எண் ஆய்வுலகோடு நிற்பதில்லை. திட்டமிடலுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் அடிப்படையாகிறது. எனவே அவ்வெண்ணின் உறுதி, மாதிரியின் உறுதியைச் சார்ந்தது.

தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதற்பயணம் 2006 ஏப்ரல் 28 முதல் ஆகஸ்ட் 19 வரை, 113.5 நாட்கள் நிகழ்ந்தது. ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் இதற்காக வாடகைக்குப் பெறப்பட்டது. கேரள–கொங்கணக் கடலில் ஓரிடம், கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் 15, மகாநதிப் படுகையில் 4, அந்தமானில் ஓரிடம் என 21 இடங்களில் 39 துளைகள் இடப்பட்டன. துளையிட்ட மொத்த நீளம் 9250 மீட்டருக்கு மேல். மீட்ட உருளை மாதிரி ஏறத்தாழ 2850 மீட்டர். உருளை எடுக்க முயன்ற பகுதியில் 78.7 விழுக்காடு கைக்கு வந்தது. அந்தமான் அருகே தரைக்குக் கீழே ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் எரிமலைச் சாம்பலடுக்குகளில் ஹைட்ரேட் இருந்தது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் 10ஆம் இடத்தில், ஏறத்தாழ 1040 மீட்டர் நீராழத்தின் கீழ், களிமண்ணின் பிளவுகளில் ஏறத்தாழ 130 மீட்டர் தடிமனுக்கு அது பரவியிருந்தது.

இவ்வாறான இடத்தில் வழக்கமான முறையில் உருளையை மேலே இழுத்தால், கப்பலை அடையும் முன்னரே, ஏறும் வழியின் முற்பாதியிலேயே ஹைட்ரேட் நிலைக்கும் எல்லையைக் கடந்து சிதையத் தொடங்கும். மெல்லிய நரம்புகளாக இருந்த ஹைட்ரேட், தளத்தில் உருளையைப் பிளக்கும் வேளையில் குமிழியும் ஈரமுமாக மட்டுமே எஞ்சும். தேடிச்சென்ற பொருளே தேடும் முறையால் அழிவது இங்குள்ள இடர்.

5.1 சிதைவின் தடயங்கள். அழிவையே சான்றாக்க ஆய்வாளர்கள் இரு வழிகளைக் கையாண்டனர். ஹைட்ரேட் சிதையும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே உருளை தளத்துக்கு வந்தவுடன் அகச்சிவப்புக் கேமராவால் அதனை நெடுகப் படமெடுத்தால், ஹைட்ரேட் இருந்த இடங்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தோன்றும். அவ்விடங்களை உடனே வெட்டித் திரவ நைட்ரஜனில் உறையச் செய்து காப்பர். இப்பயணத்தில் ஏறத்தாழ 140 மாதிரிகள் அவ்வாறு காக்கப்பட்டன. இரண்டாவது வழி நுண்துளை நீரின் உப்புத்தன்மை. ஹைட்ரேட் தன் கூண்டில் உப்பை ஏற்பதில்லை. எனவே சிதையும்போது நன்னீரை வெளியிடும். நுண்துளை நீரில் குளோரைடு எந்த அளவு நீர்த்துள்ளது என்பதைக் கொண்டு சிதைந்த ஹைட்ரேட்டின் அளவைப் பின்னோக்கிக் கணிக்கலாம். ஆனால் சிதைவுக்கு முன் அந்நீரின் குளோரைடு எவ்வளவு என்பதை ஊகித்தே ஆக வேண்டும்.

5.2 அழுத்தக் காப்பு மாதிரி. மூன்றாவது வழி, சிதைவையே தடுப்பது. தரைக்குக் கீழே உருளை வெட்டப்பட்டதும் கருவியின் வாய் மூடி, அங்குள்ள அழுத்தத்தோடு உருளையை அடைத்து மேலே கொண்டுவரும். இப்பயணத்தில் இக்கருவிகள் 97 முறை இறக்கப்பட்டன. 49 முறை ஏறத்தாழ இயல்பழுத்தத்தில் உருளை கிடைத்தது. ஏறக்குறைய பாதி முயற்சிகளே பயனளித்தன என்பது இத்தொழில்நுட்பத்தின் கடினத்தைக் காட்டுகிறது. நூறு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க வேண்டிய மூடி, சேறும் மணலும் நிறைந்த சூழலில், மனிதக் கை எட்டாத ஆழத்தில் சிறிதும் கசியாமல் மூட வேண்டும். அவ்வாறு கிடைத்த உருளையைத் திறக்காமலேயே எக்ஸ்கதிர்ப் படமெடுத்து உள்ளமைப்பைக் காணலாம். பின்னர் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, வெளிவரும் மீத்தேனை அளந்து, ஹைட்ரேட்டின் அளவை நேரடியாகக் கணக்கிடலாம்.

6. ஒரே இடம், இரு விடைகள்

உருளை எடுக்காமலும் படிவை அறியலாம். துளைமுனைக்கு அருகே அளவுகருவிகளைப் பொருத்தி, துளையிடும்போதே துளைச்சுவரின் மின்தடை எண், அடர்த்தி முதலியவற்றைப் பதிவு செய்யும் முறை உண்டு. படிவை அதன் இருப்பிடத்திலேயே அளப்பதால் மேற்கூறிய நான்கு மாற்றங்களும் இதற்கு இல்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், ஹைட்ரேட் கடத்தாது. ஆகவே மின்தடை எண் உயர்ந்தால் நுண்துளைகளில் நீர் குறைந்து ஹைட்ரேட் மிகுந்துள்ளது எனக் கொண்டு, ஆர்ச்சி விதி என்னும் தொடர்பால் அதன் விழுக்காட்டைக் கணிப்பர்.

10ஆம் இடத்தில் தரைக்குக் கீழே ஏறத்தாழ 25 முதல் 160 மீட்டர் வரை இவ்வாறு கணித்தபோது, நுண்துளை இடத்தில் ஹைட்ரேட் 50 விழுக்காட்டுக்கு மேலாகவும், சில ஆழங்களில் 80 விழுக்காடு வரையிலும் இருப்பதாக விடை வந்தது. அருகிலிருந்த துளைகளின் அழுத்தக் காப்பு மாதிரிகளோ ஏறத்தாழ 26 விழுக்காட்டுக்கும் குறைவாகவே காட்டின. இவ்வேறுபாட்டை மியுங் லீ, திமோத்தி கொலெட் ஆகிய இருவரும் 2009இல் ஆராய்ந்து விளக்கினர்.

வேறுபாட்டின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நுண்துளை 60 விழுக்காடு உள்ள 100 கனமீட்டர் படிவைக் கொள்வோம். நுண்துளையில் 80 விழுக்காடு ஹைட்ரேட் எனின், அதன் அளவு 48 கனமீட்டர். அதிலிருந்து வரும் வாயு ஏறத்தாழ 7870 கனமீட்டர். 25 விழுக்காடு எனின், ஹைட்ரேட் 15 கனமீட்டர்; வாயு 2460 கனமீட்டர். இரண்டுக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. ஒரு படுகை முழுவதற்கும் இதனைப் பெருக்கிப் பார்த்தால், வளம் பற்றிய தீர்ப்பே மாறிவிடும்.

பிழை எங்கிருந்தது? கருவியில் அன்று, கருவியின் அளவைப் பொருள்கொள்ள வைத்த முற்கோளில் இருந்தது. ஆர்ச்சி விதியின் வழக்கமான பயன்பாடு, ஹைட்ரேட் மணற்பரல்களுக்கு இடையே எத்திசையிலும் ஒருசீராகப் பரவியுள்ளது எனக் கொள்கிறது. 10ஆம் இடத்திலோ அது களிமண்ணைச் செங்குத்தாகப் பிளந்த வெடிப்புகளில் மெல்லிய தகடுகளாக நின்றது. கிடைநிலையில் செல்லும் மின்னோட்டம் ஒவ்வொரு தகட்டையும் குறுக்கே கடக்க வேண்டியதாயிற்று. ஓடையின் குறுக்கே சில மெல்லிய மதில்களை எழுப்பினால் நீரோட்டம் தடைபடும். தடையை மட்டும் அளந்தவர் ஓடை முழுவதும் கல்லால் நிரம்பியுள்ளது என்றே கணிப்பார். மதில்களின் கனவளவோ மிகச் சிறிது. திசைக்குத் திசை மாறும் இப்பண்பைக் கணக்கில் கொண்டு, ஒலிவேகத் தரவுகளின் துணையோடு விதியின் மாறிலிகளைத் திருத்தியபோது இரு விடைகளும் பெரிதும் நெருங்கின. ஆயினும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சியே நின்றது.

அவ்வெச்சமும் கருதத்தக்கது. அழுத்தக் காப்பு உருளையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். விட்டம் சில சென்டிமீட்டர். செங்குத்து வெடிப்புகள் இடைவெளி விட்டு அமைந்த படிவில், அவ்வுருளை வெடிப்பின்மேல் விழுந்ததா, அருகே விழுந்ததா என்பதைப் பொறுத்து விடை மாறும். மேலும், அளவீடு நிகழ்ந்த துளையும் உருளை எடுத்த துளையும் ஒன்றல்ல. எனவே மாதிரி மெய், அளவீடு பொய் எனக் கொள்வதும் தவறு. அளவீடு நெடுக்காகப் பரந்தும் முற்கோளைச் சார்ந்தும் நிற்பது. மாதிரி நேரடியானதும் சிறியதும் ஆகும். ஒன்றின் குறையை மற்றொன்று வெளிப்படுத்தியதே 10ஆம் இடத்தின் பயன். மாதிரி இல்லாதிருந்தால் 80 விழுக்காடு என்னும் எண்ணை ஐயுறுவதற்குக் காரணமே இருந்திராது.

7. வினாவுக்கேற்ற மாதிரி

இதே பயணத்தின் மற்றொரு மாதிரி வேறொரு பாடத்தைத் தருகிறது. கோதாவரி முகத்துவாரத்துக்கு எதிரே 16ஆம் இடத்தில் எடுத்த உருளையின் மேற்பகுதியைப் பின்னாளில் காலநிலை ஆய்வாளர்கள் பயன்படுத்தினர். ஆற்றால் அடித்துவரப்பட்ட இலைமெழுகின் கார்பன் ஓரிடத்தான் விகிதத்தைக் கொண்டு, கோதாவரி வடிநிலத்தின் கடந்த 10,000 ஆண்டுத் தாவர வரலாற்றை அவர்கள் மீட்டனர். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 1700 ஆண்டுகளுக்கு முன்வரை வறட்சியைத் தாங்கும் தாவரங்கள் படிப்படியாகப் பெருகியதை 2012இல் வெளியான அவ்வாய்வு காட்டியது. தக்காணத்தின் தொல்லியல், வேளாண் வரலாறு ஆகியவற்றை ஆராய்வோர்க்கு இது பயன்மிகு சான்று.

வாயுவைத் தேடி எடுத்த உருளை பருவமழை வரலாற்றுக்குப் பயன்பட்டது தற்செயலன்று. இலைமெழுகு அழுத்த இறக்கத்தால் மாறுவதில்லை. வாயு முழுதும் வெளியேறியபின்னும் அதன் ஓரிடத்தான் விகிதம் அப்படியே நிற்கும். ஹைட்ரேட் ஆய்வாளருக்குச் சிதைந்துபோன உருளை, தாவர வரலாற்றாளருக்கு முழுமையானதே. மறுதலையாக, அழுத்தம் கெடாமல் காத்த உருளையும், துளைநீர் ஊடுருவியிருப்பின் நுண்ணுயிரியலாளருக்குப் பயன்படாது. ஆகவே மாதிரியை நன்று, தீது எனப் பொதுவாகத் தரப்படுத்த இயலாது. எப்பண்பை அறிய விழைகிறோம், அப்பண்பு மேலேறும் வழியில் மாறுவதா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே மதிப்பிட வேண்டும்.

8. பின்வந்த முயற்சிகள்

முதற்பயணம் கற்பித்தவற்றின் அடிப்படையில், 2015 மார்ச் முதல் ஜூலை வரை 147 நாட்கள் இரண்டாம் பயணம் நிகழ்ந்தது. ஜப்பானின் சிக்யூ கப்பல் 25 இடங்களில் 42 துளைகளை இட்டது. களிமண்ணின் வெடிப்புகளிலிருந்து வாயுவைப் பிரித்தெடுப்பது கடினம்; மணலடுக்கின் நுண்துளைகளில் உள்ள ஹைட்ரேட்டே உற்பத்திக்கு ஏற்றது என்பதால், இம்முறை மணலடுக்குகளே இலக்காயின. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் அத்தகைய அடுக்குகள் கண்டறியப்பட்டன. ஆயினும் மணலுக்கும் தனிச்சிக்கல் உண்டு. 2013இல் ஜப்பான் நங்காய் அகழிப் பகுதியில் மேற்கொண்ட உற்பத்திச் சோதனை, கிணற்றுக்குள் மணல் புகுந்ததால் ஆறு நாட்களில் நிறுத்தப்பட்டது. ஹைட்ரேட் சிதைந்ததும் மணலின் பிணைப்பும் தளரும். அவ்வலிமை மாற்றத்தை முன்கூட்டி அறிவதற்கும் அழுத்தம் கெடாத மாதிரிகளே வேண்டும்.

இரு பயணங்களும் அயல்நாட்டுக் கப்பல்களைக் கொண்டே நிகழ்ந்தன. இந்நிலையில் பள்ளிக்கரணைக் கழகம் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு உருவாக்கிய தன்னியக்கத் துளைக்கருவி கவனத்துக்குரியது. 3000 மீட்டர் நீராழத்தில் தரைக்குக் கீழே 100 மீட்டர் வரை உருளை எடுக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. ஜெர்மனியின் பிரேமன் நகர ஆய்வு மையமும் இவ்வகைக் கருவியை 2005 முதல் பயன்படுத்திவருகிறது. கருவி கடலடியிலேயே அமர்ந்து துளையிடுவதால் அலையசைவு துளைமுனையைத் தாக்குவதில்லை. நீண்ட குழாய்த் தொடரும் துளையிடு கப்பலும் தேவையில்லை. ஆனால் எட்டும் ஆழம் வரம்புக்குட்பட்டது. 10ஆம் இடத்தில் ஹைட்ரேட் 25 முதல் 160 மீட்டர் வரை இருந்ததைக் கருதினால், 100 மீட்டர் கருவி அதன் மேற்பாதியை மட்டுமே எட்டும். அந்தமானின் சாம்பலடுக்குகள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. எனவே இக்கருவி துளையிடு கப்பலுக்கு மாற்றாகாது. ஆழங்குறைந்த படிவுகளைப் பல இடங்களில் குறைந்த செலவில் ஆராய்வதற்கு உரிய துணைக்கருவி எனக் கொள்ளத்தகும்.

2024இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் ஓய்வு பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் சீனாவின் மெங்சியாங் துளையிடு கப்பல் பணிக்கு வந்தது. கப்பல்கள் அரியனவாகும் காலத்தில், ஏற்கனவே எடுத்துக் காக்கப்பட்ட உருளைகளின் மதிப்பு உயர்கிறது. பழைய உருளைகளிடம் புதிய வினாக்களை எழுப்புவதற்குக் கப்பல் வேண்டியதில்லை. அவ்வுருளை எவ்வாறு எடுக்கப்பட்டது, எவ்வாறு காக்கப்பட்டது என்னும் பதிவுகள் வேண்டும்.

9. முடிவுரை

ஆழ்கடல் துளையிடலின் சாதனையை எட்டிய ஆழத்தைக் கொண்டு அளப்பது வழக்கம். வங்கக் கடல் ஆய்வுகள் வேறோர் அளவுகோலை முன்வைக்கின்றன. மேலேறும் வழியில் மாதிரி இழப்பு, உருக்குலைவு, கலப்பு, அழுத்த இறக்கம் என நான்கு வகையில் மாறுகிறது. இம்மாற்றங்களை முற்றிலும் தவிர்க்க இயலாது. குளிர்ந்த திட்டுகளையும் நீர்த்த குளோரைடையும் போல மாற்றத்தையே சான்றாக்குவதும், அழுத்தக் காப்புக் கருவியைப் போல மாற்றத்தைத் தடுப்பதும், ஒரு முறையின் விடையை மற்றொன்றால் சோதிப்பதும் அவற்றை எதிர்கொள்ளும் வழிகளாகும். 10ஆம் இடத்தில் 80 விழுக்காட்டுக்கும் 26 விழுக்காட்டுக்கும் இடையே இருந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவை, ஒரு மீட்டர் நீளமே உள்ள சில உருளைகள்.

இதிலிருந்து ஆய்வாளர்க்கு ஒரு நடைமுறைக் கடமை எழுகிறது. கடலடி வளம் பற்றிய எந்த எண்ணையும் எடுத்தாளும்போது, அது எம்முறையால் பெறப்பட்டது, எம்முற்கோளைச் சார்ந்தது, எம்மாதிரியால் சோதிக்கப்பட்டது என்பவற்றையும் உடன் குறிப்பிட வேண்டும். வகுப்பறையில் இத்துறையைக் கற்பிப்போரும் எண்ணோடு அதன் பிறப்பையும் கற்பிப்பது தக்கது. வலையில் ஒட்டிவந்த சேற்றைக் கொண்டு தரையை அறியும் கோவளத்து மீனவர், அச்சேறு எந்தப் பாக ஆழத்தில் ஒட்டியது என்பதையும் நினைவிற் கொள்கிறார். ஆழ்துளை மாதிரியை ஆராய்வோர்க்கும் அந்நினைவே அடிப்படை.